ஒற்றை நரம்பும் தபால் அட்டையும்

உலக உருண்டையின் மேல் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். கண்கள் கட்டப்பட்டிருக்கின்றன. கையிலிருக்கும் யாழின் நரம்புகள் அறுந்துபோய் ஒன்றே ஒன்று மிச்சமிருக்கிறது. அந்த ஒன்றின் ஒலியைக் கேட்கத்தான் காதைச் சாய்த்திருக்கிறாள். 1886இல் லண்டனில் ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸ் வரைந்த இந்த ஓவியத்தின் பெயர் ‘நம்பிக்கை’.

வாட்ஸ் ஏழைப் பியானோ தச்சர் ஒருவரின் மகன். அரசு கொடுக்க வந்த பிரபுப் பட்டத்தை இரண்டு முறை மறுத்தவர். பிறர் உயிரைக் காக்கப்போய் இறந்த சாதாரண உழைப்பாளிகளின் பெயர்களுக்கு லண்டனில் நினைவுச் சுவர் எழுப்ப வைத்தவர். 1900இல் அது திறக்கப்பட்டது. ‘நம்பிக்கை’யை இரண்டாம் முறை வரைந்து பொதுமக்களுக்கே கொடுத்தார். ஆனால் படத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது அருங்காட்சியகம் அல்ல. மலிவான புகைப்படப் பிரதிகளும் தபால் அட்டைகளுமே.

அப்படித்தான் அது அமெரிக்கக் கறுப்பர்களின் தேவாலயங்களுக்கும் போனது. நொறுங்கிய கனவுகளைப் பற்றிய சொற்பொழிவில் மார்ட்டின் லூதர் கிங் இந்தப் படத்தைச் சொல்கிறார். 1963இல் வெளிவந்த அவரது தொகுப்பில் அதைப் படிக்கலாம். பின்னால் ஒரு கறுப்பினப் போதகர் இதே படத்தை வைத்துப் பேச, பராக் ஒபாமா தன் 2006 நூலின் தலைப்பை அங்கிருந்து எடுத்தார். வெள்ளைக்கார ஓவியர் ஒருவரின் படத்துக்கு அடிமைகளின் பேரப்பிள்ளைகள் புதுப் பொருள் கொடுத்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். ராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் பக்கத்தில்தான் சிவகாசி. கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்ட நாடார்கள்மீது 1899இல் அங்கே பெரும் தாக்குதல் நடந்தது. அதே ஊர் பின்னால் தீப்பெட்டி லேபிள், காலண்டர், சாமிப் படம் என்று நாட்டுக்கே அச்சடித்தது. கோயில் கதவு யாருக்கு மூடியிருந்ததோ அவர்கள் வீட்டுச் சுவருக்கும் காகிதத்தில் சாமி வந்தது. காகிதம் தீட்டுப் பார்ப்பதில்லை.

கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. 1949இல் ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசுவாமி ராஜா மாகாணத்தின் முதல்வரானார். அந்த ஆண்டில் வரையப்பட்ட அரசுச் சின்னத்தில் இருப்பது திருவில்லிபுத்தூர் கோபுரம் என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறோம். மதுரைக் கோபுரம் என்பாரும் உண்டு. எதுவானாலும், நம் பாட்டன்மாரை உள்ளே விடாத கோபுரம் இன்று நம் சாதிச் சான்றிதழின் தலையில் நிற்கிறது. இந்த முரணைத் தாசில்தார் அலுவலக வரிசையில் நிற்கும் ஒவ்வொரு மாணவரும் கவனிக்க வேண்டும்.

கோபுரம் அரசின் படம். நம் படம் எது? நீல அங்கி, மூக்குக் கண்ணாடி, கையில் அரசமைப்புச் சட்டம், முன்னால் நீட்டிய விரல். வாட்ஸின் பெண்ணுக்குக் கண் கட்டியிருக்கிறது. அவள் தனியாக இருக்கிறாள். பாபாசாகேப்பின் கண் திறந்திருக்கிறது. அந்த விரல் நம் எல்லோருக்கும் வழி காட்டுகிறது. அதனால்தான் சாதியவாதிகள் அந்தச் சிலையை உடைக்கிறார்கள். அதைக் காக்கிறோம் என்று சொல்லித் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இரும்புக் கூண்டு போட்டிருக்கிறார்கள். குற்றவாளி வெளியே, அம்பேத்கர் உள்ளே.

சிலைக்குக் கூண்டு போடலாம். ஆயிரம் வீட்டுக்குப் போகும் காகிதத்துக்குப் போட முடியாது. தோழர்களே, ஏப்ரல் 14க்கு ஃபிளெக்ஸ் வைப்பதோடு நிறுத்த வேண்டாம். பாபாசாகேப் படம் போட்ட தபால் அட்டை அடிப்போம். தபால் அட்டைக்குப் பின்பக்கம் ஒன்று இருக்கிறது. எந்தத் தெருவில் பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை, எந்தத் தேநீர்க்கடையில் தனிக் குவளை, எந்தச் சுடுகாட்டுக்குப் பாதை இல்லை என்பதை நாளும் இடமும் போட்டு அதில் எழுதுவோம். முகவரிப் பகுதியில் மாவட்ட ஆட்சியர், விருதுநகர் என்று எழுதுவோம். முன்பக்கப் படம் நம்பிக்கை தரும். பின்பக்கத்தை நாம்தான் நிரப்ப வேண்டும்.