கைகுலுக்கிவிட்டா போனார்கள்?

சென்ற வாரம் நண்பர் ஒருவர் நாளிதழ்க் கட்டுரை ஒன்றைக் கத்தரித்துக்கொண்டு வந்தார். கோவாவையும் புதுவையையும் ஒப்பிட்டு எழுதியிருந்தார்கள். போர்த்துக்கீசியரை 1961 டிசம்பரில் படை அனுப்பி விரட்ட வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர்களோ கனவான்களாகக் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள் என்பது சாரம். "நீ அவர்கள் பாஷையில் படித்தவனாயிற்றே, என்ன சொல்கிறாய்?" என்று கேட்டார்.

நான் அவர்கள் பாஷையில் படித்தவன்தான். அதற்காக நடந்ததை மறைக்க முடியாது.

முதலில், அவர்கள் சும்மா போகவில்லை. 1936 ஜூலை 30-ல் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் இதே ஊரில் சுடப்பட்டு இறந்தார்கள். 1947-க்குப் பிறகும் ஏழு ஆண்டுகள் நகரவில்லை. சந்திரநாகூர் மக்கள் 1949 ஜூனில் வாக்களித்து இந்தியாவோடு சேர்ந்தார்கள். நமக்கு அந்த வாக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போயிற்று. கடைசியில் 1954-ல் எல்லாப் பக்கமும் நெருக்கியது. இந்தியா எல்லைச் சோதனையை இறுக்கியது. மார்ச்சில் அதுவரை பிரெஞ்சுப் பக்கம் நின்ற குபேர் இணைப்புக்கு மாறினார். ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாகேயும் கைவிட்டுப் போயின. அதற்கு முன்பே, மே 7-ல், வியத்நாமில் தியென் பியென் பூ கோட்டை விழுந்திருந்தது. ஜூனில் பிரதமரான மாந்தேஸ் பிரான்சுக்கு இந்தோசீனாவை முடிப்பதே பெரும் பாடு. இந்த நிலையில் கைகுலுக்காமல் வேறென்ன செய்வார்கள்?

அக்டோபர் 18-ல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. இன்று அதைத்தான் விடுதலை நாள் என்கிறோம்.

ஆனால் கட்டுரையாளர் விட்டுவிட்ட கதை இனிமேல்தான். ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தானது. பிரெஞ்சுப் பாராளுமன்றம் ஒப்புதல் தராமல் ஆறு ஆண்டு கிடப்பில் போட்டது. அலுவலகத்தில் கோப்பு தூங்குவதை நானும் பார்த்தவன். இது பாரீசில் தூங்கிய கோப்பு. அங்கே அல்ஜீரியச் சண்டை நடந்தபோது எந்த மண்ணையும் விட்டுக்கொடுப்பதாகக் காட்டிக்கொள்ள யாருக்கும் தைரியமில்லை. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. ஆகஸ்ட் 16-ல் நம்முடைய மாற்றமும் சட்டப்படி முடிந்தது. அதுவரை எட்டு ஆண்டுகள், ஆட்சி இந்தியாவுடையது, சட்டப்படி மண் பிரான்சுடையது.

அந்த ஒப்பந்தத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிகள் இந்தியர் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாமல் சும்மா இருந்தவர் தானாக இந்தியர்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பெரியப்பா சொல்தாவாக இந்தோசீனாவில் இருந்து திரும்பியவர், பென்ஷன் வாங்குபவர். அவர் எழுதிக் கொடுத்தார். அப்பா எழுதவில்லை. ஒரே திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்த அண்ணன் தம்பி இருவரும் இரண்டு நாட்டுக் குடிகளானார்கள். பெரியப்பா பிள்ளைகள் பிறகு பிரான்சுக்குப் போனார்கள். "நீங்கள் ஏன் எழுதவில்லை?" என்று வளர்ந்த பிறகு அப்பாவைக் கேட்டேன். "உங்க தாத்தாவை எரிச்ச இடம் இங்கதானே இருக்கு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. பெரியப்பாவைத் துரோகி என்று தெருவில் சிலர் சொன்னபோது மட்டும் கோபப்பட்டார். "அவர் சோறு அவர் சம்பாதிச்சது" என்பார்.

ஆகவே நண்பருக்கு என் பதில் இதுதான். பிரெஞ்சுக்காரர்கள் கனவான்களாகப் போகவில்லை. வேறு வழியில்லாமல் போனார்கள். ஆனால் போகும்போது, எந்த நாட்டுக் குடியாக இருப்பது என்பதை ஒரு மனிதன் தானே தீர்மானிக்க ஆறு மாத அவகாசம் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். பெருமை சொல்வதானால் அந்த ஆறு மாதத்தைச் சொல்லலாம்.