முட்டை வாத்துகளின் தீவனமும் கால்சியமும்

கொல்லைப்புறத்தில் வளரும் முட்டை வாத்துக்கு நெல்லும் தவிடும் வயிற்றை நிரப்பும். முட்டை ஓட்டுக்கான கால்சியத்தைத் தராது. 70 கிராம் எடையுள்ள வாத்து முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2.5 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்பதில் பாதிக்குச் சற்று மேல்தான் உடலில் சேரும் என்பதால், தொடர்ந்து முட்டையிடும் வாத்துக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 கிராம் வேண்டும். 150 கிராம் தவிட்டில் கிடைப்பதோ சுமார் 0.1 கிராம். போதாக்குறைக்கு, தவிட்டிலுள்ள பைட்டேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

காஞ்சிபுரம், விழுப்புரம் வட்டாரங்களிலும் கேரளத்தின் குட்டநாட்டிலும் அறுவடை முடிந்த வயல்களில் மேயும் மந்தைகளுக்கு இந்தக் குறை பெரிதாக வருவதில்லை. சிந்திய நெல்லோடு நத்தை, நண்டு, சிறுமீன், புழு எல்லாம் அவற்றுக்கு இரை. நத்தை ஓடே சுண்ணாம்புதான். அதே வாத்தைக் கொல்லையில் அடைத்துவிட்டால், வயல் கொடுத்ததை வளர்ப்பவர்தான் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் வாத்து தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். தோல் முட்டையும் கால் தளர்ச்சியும் அதன் பிறகே கண்ணில் படுகின்றன.

முட்டைப் பருவத் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதமும், 3 முதல் 3.5 சதவீதம் கால்சியமும் இருப்பது நல்லது. இதற்கு மேல், நொறுக்கிய கிளிஞ்சலைத் தனித் தட்டில் வைப்பதே சிறந்த வழி. தேவைப்படும் பெட்டை தானே பொறுக்கிக்கொள்ளும். தேவையில்லாத ஆண் வாத்தின் மேல் அது திணிக்கப்படுவதில்லை. சுட்டு நீற்றிய சுண்ணாம்பை வைக்கக்கூடாது. வாயும் குடலும் வெந்துவிடும். கிளிஞ்சல் மாவாக இல்லாமல் சிறு துண்டுகளாக இருக்க வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகி, முட்டை காலை 9 மணிக்குள் வந்துவிடுகிறது. மாவு சீக்கிரம் கடந்துபோகும். துண்டுகளோ அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரையும். ஆகவே மாலையில் தட்டு காலியாக இருக்கக்கூடாது. வைட்டமின் டி3 இன்றிக் குடல் கால்சியத்தைச் சரிவர ஈர்க்காது. பகல் வெயிலில் திரியும் வாத்துக்கு அந்தக் கவலை குறைவு.

முதல் முட்டைக்கு முன் இந்தத் தீவனம் கூடாது. வளரும் வாத்துக்கு 1 சதவீத அளவு கால்சியம் போதும். மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். குஞ்சுகளுக்கு உண்மையில் அதிகம் வேண்டுவது நியாசின். கோழிக்குஞ்சுத் தீவனத்தை மட்டும் தின்னும் வாத்துக்குஞ்சுகளின் கால்கள் வளைவதற்கு அதன் பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணம்; ஈஸ்ட் சேர்த்தால் ஈடுகட்டலாம்.

உலர்ந்த மாவு அலகில் அப்பிக்கொள்ளும் என்பதால் தீவனத்தைப் பிசறி வைப்பதே வழக்கம். தலை முங்கும் ஆழத்துக்குத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்; மூக்குத்துளையைக் கழுவவும் அதுதான்.

பிசறிய தீவனத்தை மறுநாளுக்கு வைப்பது ஆபத்து. பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கிலும் சோளத்திலும் உருவாகும் அஃப்ளடாக்சின் நஞ்சைத் தாங்கும் சக்தி வாத்துக்கு மிகக் குறைவு. 1960இல் இங்கிலாந்தில் பிரேசில் கடலைப் புண்ணாக்கு தின்று லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அதன்பின் அந்த நஞ்சைச் சோதித்தறிய ஆய்வாளர்கள் பயன்படுத்தியது ஒரு நாள் வயதான வாத்துக்குஞ்சுகளைத்தான்.