திருவையாற்று ஆராதனை: மூன்று கட்சிகளும் ஒரு சபையும்

1847 ஜனவரி 6-இல் கர்நாடக இசை மேதை தியாகராஜர் திருவையாற்றில் மறைந்தார். காவிரிக் கரையில் இருந்த சமாதி நெடுங்காலம் கவனிப்பாரின்றிப் புதர் மண்டிக் கிடந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உமையாள்புரம் சகோதரர்கள் அதைச் சீரமைத்தனர். பிறகு தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் பஞ்சு பாகவதரும் ஆண்டுதோறும் ஆராதனை நடத்தத் தொடங்கினர்.

நிலையான வருமானம் ஏதும் இல்லை. பூசைக்கும் சமாராதனைக்கும் ஆன செலவெல்லாம் வித்வான்களும் புரவலர்களும் தந்த நன்கொடைதான். யார் வசூலிப்பது, யார் முன்னின்று நடத்துவது என்ற போட்டி முற்றி, பெரிய கட்சி, சின்ன கட்சி என விழா இரண்டுபட்டது. ஒரு கட்சி, தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமிக்கு முந்தைய நாட்களிலும், மற்றது அன்று தொடங்கியும் கச்சேரிகளை நடத்தின.

இரு தரப்புக்கும் இல்லாத துணிவு பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கு இருந்தது. நகைகளையும் சேமிப்பையும் செலவிட்டுச் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். 1925-இல் குடமுழுக்கு நடந்தது. ஆனாலும், கோயில் கட்டியவர் அங்கே பாடக் கூடாது என்றனர் கட்சியினர். தேவதாசி மரபினர், அதுவும் பெண் என்பதே காரணம். பெரும் அநீதி இது. அவர் கெஞ்சிக்கொண்டிருக்கவில்லை, 1927-இல் பெண்கள் கட்சியைத் தொடங்கி, கோயிலின் பின்புறம் தனி ஆராதனை நடத்தினார்.

1940-இல் மூன்று கட்சிகளும் இணைந்து, தியாகப் பிரம்ம மகோத்சவ சபை என்ற ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. தியாகராஜரின் பஞ்சரத்தின கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கமும் அதையொட்டியே நிலைபெற்றது. நாகரத்தினம்மாள் உயில் எழுதித் தம் சொத்தைச் சமாதிக் கோயிலுக்கான அறக்கட்டளையாக்கினார். பெண்களுக்கு அங்கே வழிபடவும் பாடவும் உள்ள உரிமையை அதில் நிபந்தனையாகவே சேர்த்தார். 1952-இல் அவர் காலமானார்.