கீனோபோடியம் சப்கிளாப்ரம்: இனங்காண்பதில் கனியின் முதன்மை

வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியில், புல் இன்னும் முழுதாக மூடிவிடாத மணற்குன்றுகளின் சரிவுகளில் ஆங்காங்கே முளைத்து ஒரே பருவத்தில் மடியும் சிறு செடி கீனோபோடியம் சப்கிளாப்ரம். தமிழ்நாட்டில் சக்கரவர்த்திக்கீரை என்று சமைத்துண்ணும் செடியும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அது உலகெங்கும் களையாகப் பரவியிருக்க, இதுவோ கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிடோபா மாகாணங்களிலும் அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றிலும் உள்ள மணற்பரப்புகளோடு நின்றுவிடுகிறது. கனடா இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகச் சட்டப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரு குன்றில் இந்தச் செடி உண்டா இல்லையா என்ற விடையைப் பொறுத்தே அந்தக் குன்றின் பாதுகாப்பு அமையும்போது, அந்த விடை எந்தச் சான்றின் மேல் நிற்கிறது என்று கேட்பது கடமையாகிறது. முதிர்ந்த கனி கையில் இல்லாமல் இவ்வினத்தின் பெயரை உறுதியாக எழுதக் கூடாது. கனியில்லாமல் எழுதப்பட்ட பழைய பெயர்களை ஐயத்துக்குரியவையாகவே கொள்ள வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

குழப்பத்துக்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. தாவரவியலாளர் சீரெனோ வாட்சன் 1874-இல் இச்செடியைத் தனி இனமாகக் கொள்ளவில்லை. குறுகிய இலைகளும் அடர்ந்த மாவுப்பூச்சும் கொண்ட கீனோபோடியம் லெப்டோபில்லத்தின் வழவழப்பான வகை என்றே அவர் பிரித்தார். 1902-இல் ஏவன் நெல்சன் அதைத் தனி இனமாக உயர்த்தினார். பெயரின் தகுதி உயர்ந்தாலும், செடியைக் காண்பவர் முதலில் தேடும் அடையாளம் மாறவில்லை. மாவு இல்லையென்றால் சப்கிளாப்ரம், இருந்தால் வேறொன்று என்ற எளிய வழக்கம் நிலைத்துவிட்டது. இந்த வழக்கம் அந்த மாவின் இயல்பை மறந்துவிடுகிறது. நீர் நிறைந்த நுண்பைகளாகத் தோன்றும் தூவிகள் உலர்ந்து சுருங்கும்போது உண்டாவதே இந்த வெண்பூச்சு. இளந்தளிரில் அடர்ந்திருப்பது இலை முற்றும்போது உதிர்கிறது. விரல் பட்டாலும் உலர்த்தும் தாளில் உரசினாலும் போய்விடுகிறது. ஓயாமல் மணல் வீசும் குன்றின்மேல் நிற்கும் செடியில் அது எவ்வளவு மிஞ்சும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. செடியின் வயதும் கையாளப்பட்ட விதமும் மாற்றிவிடக்கூடிய ஒரு பண்பை இனத்தின் எல்லைக்கோடாக வைக்க முடியாது.

இலைநரம்பு இதைவிட நம்பத்தக்கது. சப்கிளாப்ரத்தின் இலை கோடுபோல் குறுகியது, சதைப்பற்றானது, நடுநரம்பு ஒன்றை மட்டுமே கொண்டது. அதே மணலில் வளரக்கூடிய கீனோபோடியம் பிராடெரிகோலாவின் முதன்மை இலைகளில் அடியிலிருந்தே மூன்று நரம்புகள் ஓடும். வேறுபாடு தெளிவானதுதான், சரியான இலை கிடைக்குமானால். பிராடெரிகோலாவின் மேற்கிளைகளிலுள்ள சிறு இலைகளில் பக்க நரம்புகள் மங்கி ஒற்றை நரம்பாகவே தோன்றக்கூடும். தண்டின் கீழ்ப்பகுதியிலுள்ள பெரிய இலைகளோ, பேரினம் முழுவதற்கும் பொதுவான பழக்கப்படி, கனி முற்றும் காலத்துக்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. ஜூன் மாதச் செடியில் நல்ல இலை இருக்கும், கனி இராது. செப்டம்பர்ச் செடியில் கனி இருக்கும், நல்ல இலை இராது. இரண்டு சான்றும் ஒரே நாளில் முழுமையாகக் கிடைப்பது அரிது. அப்படியானால் எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதே உண்மையான கேள்வி.

என் முடிவு, கனியை விட்டுக்கொடுக்க முடியாது என்பது. வட அமெரிக்கக் கீனோபோடியங்களைப் பற்றிய தம் 1954-ஆம் ஆண்டு ஆய்வில் ஹெர்பர்ட் வால் கனியுறைக்கும் விதைக்கும் தந்த முக்கியத்துவம் இன்றும் செல்லும். லெப்டோபில்லத்தில் மெல்லிய கனியுறை விதையோடு ஒட்டியிருக்கும். சுரண்டினாலும் எளிதில் பிரியாது. சப்கிளாப்ரத்தில் அது தளர்வானது. இரு விரல்களுக்கிடையே உருட்டினாலே உரிந்து, பளபளக்கும் கரிய விதை வெளிப்படும். விதையின் குறுக்களவும் துணைநிற்கிறது. லெப்டோபில்லத்தில் சுமார் 0.9 முதல் 1.1 மில்லிமீட்டர், சப்கிளாப்ரத்தில் 1.2 முதல் 1.6 மில்லிமீட்டர். பிராடெரிகோலாவின் கனியுறையும் தளர்வானதே. அங்கே உரித்துப் பார்ப்பதால் பயனில்லை. அதன் விதை பெரும்பாலும் 1.3 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை என்பதால், 1.4-க்கு மேற்பட்ட விதைகள் பல கிடைத்தால் வழக்கு தீர்ந்தது. 1.2-க்கும் 1.3-க்கும் இடைப்பட்டால் எஞ்சிய இலைகளின் நரம்பையும், பூக்கள் ஒன்றொன்றாக விலகி நிற்கும் தளர்ந்த மஞ்சரியையும் சேர்த்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்சும் மில்லிமீட்டர் அளவுகோலும் இதற்குப் போதும்.

இவை எல்லாம் ஒரே இனத்தின் மாறுபாடுகள், வறண்ட மணல் செய்யும் வேலை என்று மறுப்பவர்கள் உண்டு. சூழலுக்கேற்ப உருவம் மாறும் பேரினம் இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மணல்தான் காரணமென்றால், ஒரே குன்றில் வளரும் செடிகளெல்லாம் ஒரே திசையில் மாறியிருக்க வேண்டும். கனியுறையின் ஒட்டுதல், விதையின் அளவு, நரம்பமைவு ஆகிய ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பண்புகள் சேர்ந்தே மாறுவதைச் சூழலைக்கொண்டு விளக்குவது கடினம்.

மரபணு ஆய்வு இருக்க விதையை அளப்பானேன் என்பது இன்னும் வலுவான மறுப்பு. இக்குறுகிய இலை இனங்கள் பெரும்பாலும் 18 குரோமோசோம்கள் கொண்ட, நெருங்கிய உறவுடைய இருமயச் செடிகள். இனங்காணப் பொதுவாகப் பயன்படுத்தும் மரபணுப் பகுதிகள் இவற்றிடையே காட்டும் வேறுபாடு சொற்பம். முழு மரபணுத்தொகுதியை ஒப்பிட்டால் தெளிவு பிறக்கலாம். ஆனால் ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் மாதிரிக்குப் பெயர் எங்கிருந்து வந்தது? உலர்தாவரத் தாளில் யாரோ கண்ணால் பார்த்து எழுதியதுதான். அந்தப் பெயர் மாவுப்பூச்சைப் பார்த்து எழுதப்பட்டிருந்தால், ஆய்வகம் அதே பிழையை மேலும் உறுதியான குரலில் திருப்பிச் சொல்லும். கினோவாவின் மூதாதையரைத் தேடுவோரும் அமெரிக்க இருமயக் கீனோபோடியங்களைத்தான் புரட்டுகிறார்கள் என்பதால், இந்தப் பிழை மணற்குன்றோடு நிற்கப்போவதுமில்லை.

கனியை வற்புறுத்தினால் இருக்கும் சில பதிவுகளும் போய்விடும், அரிய செடிக்குப் பாதுகாப்புக் குறையும் என்ற அச்சம் நியாயமானது. பதிவை அழிக்கச் சொல்லவில்லை; உறுதிப்படுத்தப்படாதது என்று குறித்து வைத்து, கனி முற்றும் ஆகஸ்டு இறுதிக்குப் பின் அதே இடத்துக்குப் போகச் சொல்கிறேன். செடியைப் பிடுங்கவும் வேண்டியதில்லை. ஒரு கிளை நுனியிலிருந்து சில கனிகள் காகித உறையில் இருந்தால் சான்று நிலைக்கும்.

இதே கண்டிப்பு 'இல்லை' என்ற அறிக்கைக்கும் பொருந்தியாக வேண்டும். காட்டெருமைக் கூட்டங்கள் மறைந்து, தீயும் அடக்கப்பட்டபின், ஒருகாலத்தில் நகர்ந்துகொண்டிருந்த பல குன்றுகளைப் புல் மூடிவிட்டது. இச்செடிக்கு வேண்டிய வெற்று மணல் சுருங்கிவருகிறது. ஓராண்டுச் செடியானதால் மழையைப் பொறுத்து ஓர் ஆண்டு நூற்றுக்கணக்கில் முளைத்து மறு ஆண்டு ஒன்றுகூடத் தலைகாட்டாமல் போகலாம். விதைகள் மணலுக்குள் காத்திருக்கும். ஜூன் மாதத்தில் ஒருமுறை நடந்துபார்த்து, மாவு படிந்த செடிகளே கண்ணில் பட்டன என்பதால் குன்றைப் பட்டியலிலிருந்து நீக்குவது, கனியில்லாத தாளில் பெயர் எழுதுவதைப் போலவே ஆதாரமற்றது. விளைவில் அது இன்னும் கொடியது. தவறான பெயரைப் பின்னால் திருத்திவிடலாம், உழுது விதைத்த குன்றைத் திரும்பப் பெற வழியில்லை.