அமர்ந்தவரும் சுமந்தவரும்

பழைய நாற்காலி ஒன்று வாங்கப் போகிறீர்களா, தோழர்களே? போங்கள், தடையில்லை. ஆனால் விலை பேசுவதற்கு முன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். மேற்புறம் மெருகு பூசியது. அது விற்பவன் விரும்பியதைச் சொல்லும். அடிப்புறம் பூச்சற்றது, அதனிடம்தான் வரலாறு கேட்கவேண்டும்.

காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெரு என்றொரு தெரு உண்டு. பழம்பொருள் கடைகள் நிறைந்த தெரு. தேக்குத் தூண் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். ஈட்டிமர மேசைமேல் எனாமல் தூக்குச்சட்டிகள் அடுக்கியிருக்கும். பெல்ஜியக் கண்ணாடியில் வாங்க வந்தவர் தம் முகம் பார்த்துக் கொள்வார். நீண்ட கைகளும் பிரம்புப் பின்னலும் கொண்ட சாய்வு நாற்காலியைக் கண்டால் பட்டணத்து வாசிக்கு ஆசை பிறக்கிறது. பிறக்கட்டும். ஆசையோடு அறிவும் சேரட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

தேக்கு பொன்னிறமானது, எண்ணெய்ப் பசை கொண்டது. ஈட்டியோ கனம் மிகுந்தது. கருஞ்செம்மை நிறத்தில் கரிய வரிகள் ஓடும். அனுமதியின்றி ஈட்டி மரத்தை வெட்டுவதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் தடுத்தது. வரத்துக் குறையப் பழையதற்கு மதிப்பு ஏறிற்று. மதிப்பு ஏறிய இடத்தில் போலியும் புகுமன்றோ? எனவே அடிப்பலகையில் வாளின் தடத்தைத் தேடுங்கள். கைவாள் அறுத்த தடம் நேர்க்கோடாயிருக்கும். இயந்திரச் சுழல்வாளின் தடம் வில்போல் வளைந்திருக்கும். பிரம்பு, துளைதோறும் இழை கோத்துக் கையால் பின்னியதா, ஆலையில் நெய்ததைப் பள்ளத்தில் அழுத்திப் பொருத்தியதா என்று பாருங்கள். முன்கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டம் தேய்ந்திருக்கவேண்டும். அமர்ந்தவர் பாதம் பதித்த இடம் அது. போலி செய்பவன் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய்த்து வைப்பான். மனிதன் அப்படித் தேய்ப்பதில்லை.

மரத்தை அறிந்தாயிற்று. மனிதனை அறிய வேண்டாமா?

கட்டில் என்பது நம் பழஞ்சொல். அரியணையை அரசுகட்டில் என்றனர் முன்னோர். நாற்பது வயது யானையின் கொம்பால் ஆகிய அரசியின் கட்டிலை நெடுநல்வாடை விரிவாகக் கூறுகிறது. முரசுகட்டிலில் அறியாது ஏறி உறங்கிய மோசிகீரனாரை வாளால் வெட்டாமல், விசிறி எடுத்து வீசி நின்றான் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. புலவனுக்கு மன்னன் விசிறினான் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம், பேசவேண்டியதுதான். ஆனால் அந்தக் கட்டிலில் வேறொருவன், ஓர் உழவன் உறங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று கேட்பவரைக் காணோம். மேசையும் அலமாரியும் போர்த்துகீசியர் தந்த சொற்கள். பீரோ பிரெஞ்சுக்காரர் தந்தது. கப்பலில் பொருளும் வந்தது, பெயரும் வந்தது. யார் அமரலாம் என்ற விதி மட்டும் கப்பலில் வரவில்லை. அது இங்கேயே இருந்தது.

வத்தலக்குண்டுக்கு வாருங்கள். இன்று அங்கிருந்து பேருந்தில் இருக்கை பிடித்து அமர்ந்தால் மலைச்சாலை நம்மைக் கொடைக்கானலுக்குத் தூக்கிச் செல்கிறது. ஒரு காலத்தில் மனிதன் மனிதனைத் தூக்கிச் சென்றான். 1821இல் வார்டு என்னும் படையதிகாரி பழனிமலையை அளந்தார். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் மேலே முதல் வீடுகளைக் கட்டினர். சமவெளியின் காய்ச்சலுக்கும் கோடைக்கும் அஞ்சியவர்கள் அவர்கள். அச்சத்தில் நியாயம் இருந்தது. 1875இல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. அங்கு இறங்கி, மாட்டுவண்டியில் வத்தலக்குண்டு வழியாக இரவெல்லாம் பயணம். பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. அதன்பின் ஏறத்தாழ 12 மைல் செங்குத்துப் பாதை. குதிரை உள்ளவர் குதிரையேறினர். மற்றையோர் நாற்காலியில் அமர்ந்தனர். அந்த நாற்காலிக்குக் கழிகள் கட்டிக் கூலியாட்கள் முறை மாற்றித் தோள் கொடுத்தனர்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! உலகில் நாற்காலிக்கு நான்கு கால். அந்தப் பாதையிலோ அதற்கு மனிதக் கால்கள். மேலே போன கட்டிலும் மேசையும் நிலைக்கண்ணாடியும் மனிதன் தலையிலும் பொதிமாட்டின் முதுகிலும் ஏறிப் போயின. ‘லா’ என்ற படையதிகாரியின் பெயர் தாங்கிய மலைச்சாலை முதல் உலகப்போர்க் காலத்தில் வண்டிகளுக்குத் திறந்த பிறகே அந்தத் தோள்களுக்கு ஓய்வு. சாலைக்கு அதிகாரியின் பெயர் நிலைத்தது. 1863இல் ஏரி அமைத்த லெவிஞ்சின் பெயரும் நிலைத்தது. சுமந்தவருள் ஒருவன் பெயரையேனும் எந்தக் கல்லில் காண்கிறோம்?

அதே நூற்றாண்டில் வியன்னாவில் மைக்கேல் தோனே என்றொரு தச்சர் மரத்தை நீராவியில் வளைத்து, 1859இல் ஒரு நாற்காலி செய்தார். ஆறே மரத்துண்டுகள். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டிக்குள் 36 நாற்காலி! மன்னனுக்கென்று செய்யாமல், காசு கொடுத்துக் காப்பி குடிக்க வந்த எவனுக்கும் என்று செய்த இருக்கை அது. அவ்வகை வளைமர நாற்காலி பம்பாயின் ஈரானி உணவகங்கள் வரை வந்து சேர்ந்தது. அணிவேலையற்ற அந்தப் பொருளுக்கு முன் ஆயிரம் சிங்கமுகச் சிம்மாசனங்களும் ஈடாகா என்பது எம் கருத்து.

மீண்டும் செட்டிநாட்டுக்கு வருவோம். அந்த மாளிகைகளின் தேக்கு பர்மாக் காட்டுத் தேக்கு. யானை இழுத்து ஆற்றில் தள்ள, தெப்பமாய் மிதந்து வந்த மரம். நகரத்தார் அங்கே வட்டிக்கடை வைத்தனர். 1930களின் இறுதியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறத்தாழ கால்பங்கு அவர்கள் கைக்கு வந்திருந்தது. கடனில் மூழ்கிய உழவன் இழந்த நிலம் அது. 1942இல் ஜப்பானியர் நுழைந்தனர். கப்பல் கிடைக்காதோர் காடும் மலையும் கடந்து நடந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். 1962இல் இராணுவ ஆட்சி வந்தபின் எஞ்சியோரும் வெறுங்கையுடன் திரும்பினர். பிறகென்ன? பராமரிக்க இயலாத மாளிகைகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. தூணும் கதவும் கட்டிலும் தெருவுக்கு வந்தன. அத்தெருவில் நாம் பார்த்த பொருள்களின் வழி இதுதான்.

இந்த வீழ்ச்சியைச் சொல்லிக் கண்ணீர் வடிப்போர் பலர். நாமும் தச்சனின் திறமைக்குத் தலைவணங்குவோம். ஆனால் அதே மாவட்டத்தில் இன்னொரு வீட்டையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

செட்டிநாடு அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1930 டிசம்பரில் அம்மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியக்கூடாது, சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது. இன்னொன்று, நம் பொருளுக்கு நேரே பொருந்துவது: மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் வீட்டில் புழங்கக்கூடாது! மீறியோரின் குடிசைகள் எரிந்தன; கால்நடைகள் கொள்ளை போயின. 1931இல் தடைகள் பதினொன்றாயின. அந்நாளில் மக்கள் கணக்கெடுப்பு ஆணையராய் இருந்த ஹட்டன் தம் நூலில் இவற்றைப் பதிந்திருக்கிறார்.

ஒரு வீட்டில் பெல்ஜியத்துக் கண்ணாடி, இத்தாலியச் சலவைக்கல், பர்மாத் தேக்கு. இன்னொரு வீட்டில் பித்தளைச் செம்பு ஒன்று இருந்தால் கூரைக்குத் தீ! பணமில்லாமையால் மட்டுமா அவ்வீடுகளிலிருந்து பழம்பொருள் கடைக்கு ஒன்றும் வரவில்லை? வாங்கவே விடவில்லை, வாங்கியதை வைத்திருக்கவும் விடவில்லை. உடைந்த மட்பாண்டத்தை எந்தக் கடைக்காரர் அடுக்கி வைப்பார்?

இருக்கைக்கும் அதே கதை. பள்ளிச் சிறுவனாய் இருந்தபோது வீட்டிலிருந்து கோணித்துண்டு எடுத்துச் சென்று தனியே அதில் அமர்ந்து படித்ததை அண்ணல் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். மாலையில் அதைத் திரும்ப எடுத்துச் செல்லவேண்டும். பள்ளியைத் துப்புரவு செய்பவரும் அதைத் தொடமாட்டார். அந்தக் கோணிக்கு எந்த ஏலத்தில் விலை வைப்பது?

பழங்கதை என்று கைகழுவ முடியுமா? 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவர், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண், கூட்டத்தில் தரையில் அமர்ந்திருந்தார். உறுப்பினர்கள் நாற்காலியில் இருந்தனர். படம் வெளிவந்தது, நாடு கண்டது, வழக்குப் பதிவாயிற்று, ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவருக்கு மறுக்கப்பட்டது ஈட்டிமரமுமன்று, பர்மாத் தேக்குமன்று. ஊராட்சி அலுவலகத்தில் கிடக்கும் ஒரு சாதாரண நாற்காலி.

ஆகவே கடைக்குப் போங்கள், தோழர்களே. நாற்காலியைக் கவிழ்த்து, தேய்ந்த சட்டத்தைத் தடவிப் பாருங்கள். அதன் கைகளுக்கு அடியில் கழி நுழைக்கும் இரும்பு வளையம் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.