கோபாலன் ஏறிய கப்பல்



நேற்று காலை கிரிவலப் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது பழைய மாணவர் ஒருவர் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். மகனுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறதாம். "எதை எடுக்கறது சார்? தப்பாயிட்டா அவன் வாழ்க்கையே போச்சே" என்று கலங்கினார். அவரிடம் எம்.ஜே. கோபாலன் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். ஏனென்றால் வகுப்பில் இதைப் பல வருடம் தவறாகச் சொல்லியிருக்கிறேன்.

செங்கல்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கம் அவருடைய ஊர். பெயரின் முதல் எழுத்தே அந்த ஊர்தான். பிறந்த ஆண்டு 1909 என்கின்றன பதிவுகள். அவருடைய வேகப்பந்து வீச்சைக் கண்டெடுத்தவர் சென்னையில் இருந்த ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர். பர்மா ஷெல் கம்பெனியில் வேலையும் கிடைத்தது.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் ஆட்டம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அது. முதல் பந்தை வீசியவர் நம் கோபாலன். மைசூர் 48, 59 என்று சுருண்டது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது!

ஹாக்கியிலும் அவர் கெட்டிக்காரர். 1935-இல் தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய அணியில் இருந்தார். அந்தப் பயணத்தில் 48 ஆட்டங்களில் நம்மவர்கள் போட்ட கோல்கள் 584.

1936 வந்தது. ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, இன்னொரு பக்கம் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பயணம். இரண்டும் ஒரே கோடையில். கோபாலன் கிரிக்கெட் கப்பலில் ஏறினார்.

அங்கே நடந்த மூன்று டெஸ்டிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அணித்தலைவர் விஜயநகரம் இளவரசர். அணிக்குள் ஒரே பூசல். நல்ல ஃபார்மில் இருந்த லாலா அமர்நாத்தையே பாதியில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்ட் 15-ஆம் தேதி பெர்லினில் நம் ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் வாங்கியது.

"பார்த்தீங்களா, தப்பா முடிவெடுத்தா இப்படித்தான்" என்பேன் வகுப்பில். பிள்ளைகள் 'ஐயோ' என்பார்கள்.

இப்போது அப்படித் தோன்றவில்லை. ஹாக்கியில் இந்தியா 1928-இலும் 1932-இலும் தங்கம் வாங்கியிருந்தது. இந்த முறையும் வாங்கும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் ஒரே ஒரு டெஸ்ட் ஆடிய பந்துவீச்சாளர் இரண்டாவது டெஸ்டுக்கு ஆசைப்பட்டதில் என்ன தப்பு? அதே பயணத்தில் சென்னைக்காரர் கோட்டா ராமஸ்வாமிக்கு மான்செஸ்டரில் வாய்ப்பு வந்தது. டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். நாற்பது வயதில் முதல் டெஸ்ட். 40-உம் 60-உம் அடித்தார். அதே கப்பல்தான், ஒருவருக்குக் கிடைத்தது, ஒருவருக்குக் கிடைக்கவில்லை. முடிவு எடுப்பது நம் கையில், இடம் கொடுப்பது வேறொருவர் கையில். இரண்டையும் ஒன்றாகப் போட்டு மார்க் போட்டது என் பிழை.

அந்த ஒரு டெஸ்டோடு அவர் டெஸ்ட் கணக்கு முடிந்தது. ஆனால் ஆட்டம் முடியவில்லை. 1950-களின் தொடக்கம் வரை முதல்தர கிரிக்கெட் ஆடினார். பிறகு தேசியத் தேர்வாளராக இருந்தார். சென்னையும் இலங்கையும் மோதிய கோப்பைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2003 டிசம்பரில் மறைந்தபோது, உலகில் உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் மூத்தவர் அவர்தான்.

மாணவரிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "பையனுக்கு எதில் மனசோ அதில் சேர்த்துவிடப்பா. நாளைக்குச் சரியா வரலைன்னா, அன்னிக்கே சொன்னேனேன்னு மட்டும் சொல்லிடாதே."

என் வகுப்பில் 'ஐயோ' சொன்னவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பாடத்தை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
திருவண்ணாமலை