ஏ.பி.ஜி. பரிசோதனை: ஒடுவந்தழை நச்சுச் சிகிச்சையில் செவிலியர் அறிய வேண்டியவை

தமனி இரத்த வாயுப் பரிசோதனை (ஏ.பி.ஜி.) உடலின் அமில–காரச் சமநிலையையும் நுரையீரலின் செயல்பாட்டையும் ஒருங்கே காட்டுவதாகும். நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வட்டாரச் செவிலியர்க்கு இதன் தேவை ஒடுவந்தழை நச்சில் தெளிவாகப் புலப்படும்.

இந்நஞ்சின் தன்மை

ஒடுவன் மரத்தின் இலை நச்சுத்தன்மை உடையது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதுகுறித்துப் பல ஆய்வுகளை வெளியிட்டுள்ளனர். இந்நஞ்சு சிறுநீரக நுண்குழல்களைப் பாதிப்பதால், அமிலம் வெளியேறாமல் இரத்தத்தில் தங்குகிறது. பொட்டாசியம் சிறுநீரில் வீணாகிறது. இதனால் இதயத் துடிப்புக் கோளாறும் தசைத் தளர்ச்சியும் ஏற்படலாம். இதற்கெனத் தனி முறிமருந்து இல்லை. நோயாளி தொடக்கத்தில் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருதலாகாது.

இயல்பு அளவுகள்

- பி.எச்.: 7.35 – 7.45
- கரியமில வாயு அழுத்தம்: 35 – 45 மி.மீ. பாதரசம்
- பைகார்பனேட்: லிட்டருக்கு 22 – 26 மில்லிமோல்
- ஆக்சிஜன் அழுத்தம்: 80 – 100 மி.மீ. பாதரசம்

படிப்படியாக வாசிக்கும் முறை

1. பி.எச். 7.35-க்குக் கீழ் இருப்பின் அமிலமிகை, 7.45-க்கு மேல் இருப்பின் காரமிகை.
2. அமிலமிகையில் பைகார்பனேட் குறைந்திருந்தால் காரணம் வளர்சிதை மாற்றம் சார்ந்தது. கரியமில வாயு உயர்ந்திருந்தால் சுவாசம் சார்ந்தது.
3. வளர்சிதை அமிலமிகையில் நுரையீரல் ஈடுசெய்கிறதா எனக் காண்க. பைகார்பனேட்டை 1.5-ஆல் பெருக்கி 8-ஐக் கூட்டினால், எதிர்பார்க்கத்தக்க கரியமில வாயு அழுத்தம் கிடைக்கும். 2 அலகு கூடவோ குறையவோ இருக்கலாம்.
4. ஆனயான் இடைவெளியைக் கணக்கிடுக: சோடியத்திலிருந்து குளோரைடு, பைகார்பனேட் இரண்டின் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும். இது பொதுவாக 8 – 12 இருக்கும்.

எடுத்துக்காட்டு

ஒரு நோயாளிக்குப் பி.எச். 7.30, கரியமில வாயு 29, பைகார்பனேட் 14, சோடியம் 138, குளோரைடு 114, பொட்டாசியம் 2.6 எனக் கொள்வோம். எதிர்பார்க்கத்தக்க கரியமில வாயு 29. ஆகவே நுரையீரல் முறையாக ஈடுசெய்கிறது. ஆனயான் இடைவெளி 10, அதாவது இயல்பு. இடைவெளி மிகாத அமிலமிகையும் பொட்டாசியக் குறைவும் சேர்ந்து வருவது சிறுநீரக நுண்குழல் பாதிப்பைச் சுட்டுகிறது. மாறாக, தோல் பதனிடும் ஆலைக் கழிவுத்தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவால் மயங்கியவருக்கு லாக்டிக் அமிலம் மிகுவதால் இவ்விடைவெளி பெரும்பாலும் உயர்ந்திருக்கும்.

சில மணி நேரம் கழித்து அதே நோயாளிக்குக் கரியமில வாயு 42, பி.எச். 7.14 என வந்தால் என்ன பொருள்? 42 என்பது இயல்பு எல்லைக்குள் உள்ள எண்தான். ஆயினும் பைகார்பனேட் 14 ஆக இருக்கையில் அது 29-ஐ ஒட்டியே இருத்தல் வேண்டும். சுவாசத் தசைகள் தளர்வதன் அறிகுறி இது. உடனே மருத்துவருக்குத் தெரிவித்து, செயற்கைச் சுவாசக் கருவியை ஆயத்தம் செய்க. எந்த எண்ணையும் தனித்துப் பார்த்து ஆறுதல் கொள்ளற்க.

மாதிரி எடுக்கும்போது

- மணிக்கட்டுத் தமனியில் எடுக்குமுன் ஆலன் சோதனை செய்க.
- ஊசிக்குழலில் காற்றுக்குமிழி தங்கினால் வாயு அளவுகள் பிழைபடும். மிகுதியான ஹெப்பாரின் கரியமில வாயு, பைகார்பனேட் அளவுகளைக் குறைத்துக் காட்டும்.
- எடுத்த நேரம், அளிக்கப்படும் ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைக் குறிக்க.
- 30 நிமிடங்களுக்குள் பரிசோதனைக்கு அனுப்புக.
- ஊசி குத்திய இடத்தை 5 நிமிடமேனும் அழுத்திப் பிடிக்க.

தொடர் கண்காணிப்பு

இ.சி.ஜி., சிறுநீர் அளவு, பொட்டாசியம், ஏ.பி.ஜி. ஆகியவற்றை மருத்துவர் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். சோடியம் பைகார்பனேட் செலுத்துகையில் பொட்டாசியம் மேலும் குறையக்கூடும். எனவே பொட்டாசியத்தை ஈடுசெய்வதில் கூடுதல் கவனம் தேவை.

ஒடுவந்தழை உட்கொண்டதாக ஐயமிருப்பின், அறிகுறிகளுக்காகக் காத்திராமல் 108 ஊர்தியை அழைத்து, ஏ.பி.ஜி. வசதியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனைக்கு அனுப்புக. மனவேதனையால் இவ்வாறு செய்தவரிடம் கடிந்து பேசாது பரிவுடன் நடந்துகொள்க. மனநல ஆலோசனைக்கு 104, 14416 ஆகிய எண்களை அவருக்கும் குடும்பத்தார்க்கும் தெரிவிக்க.